பத்து லட்சம் பேருக்கு எத்தனை ஆராய்ச்சியாளர்? மருமகளுக்கு ஒரு நீண்ட பதில்

ஏர்வாடியில் இருக்கும் என் தங்கை மகள் முதுகலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் ஏதோ ஓர் அட்டவணையைக் காட்டியிருக்கிறார்கள். அன்று இரவே எனக்கு எழுதிவிட்டாள்: "மாமா, சிங்கப்பூரில் பத்து லட்சம் பேருக்கு 1140 சுகாதார ஆராய்ச்சியாளர்கள், ஜிம்பாப்வேயில் 0.2 பேர் என்று போட்டிருக்கிறது. 0.2 பேர் என்றால் என்ன, ஓர் ஆளின் கையும் காலுமா? நாடுகளை இப்படி ஒப்பிடுவது சரியா? நாம் ஏன் பின்னால் இருக்கிறோம்? நான் இந்த வேலைக்குப் போனால் சோறு கிடைக்குமா?"

நான்கு கேள்வி. வாட்ஸ்அப்பில் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. மண்டபம், பாம்பன் பக்கம் கள ஆய்வுத் திட்டங்களில் டெக்னீஷியனாக 26 வருடம் இருந்தவன். அதில் சில வருடம், "உங்கள் நிறுவனத்தில் ஆராய்ச்சியில் இருப்போர் எத்தனை பேர்" என்று மேலிடத்திலிருந்து வரும் படிவத்தை நிரப்பும் வேலையும் என் தலையில் விழுந்தது. நீ பார்த்த மாதிரி அட்டவணைகளுக்கு அடியில் என்னைப் போன்ற ஆட்கள் நிரப்பிய படிவங்கள்தான் கிடக்கின்றன. அந்த அளவுக்கு எனக்கு இதில் பரிச்சயம் உண்டு.

சரி, முதலில் 0.2. உலக சுகாதார நிறுவனம் 2017 ஜனவரியில் சுகாதார ஆராய்ச்சிக்கென்று ஓர் உலகக் கண்காணிப்பகத்தைத் தொடங்கியது. எந்த நாட்டில் எவ்வளவு பணம், எத்தனை ஆள், எந்த நோய்க்கு என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். அந்த 1140-உம் 0.2-உம் அப்போது வெளியான எண்கள். பணக்கார நாடுகளில் ஏழை நாடுகளைவிடச் சராசரியாக 40 மடங்கு அதிக சுகாதார ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதே அறிவிப்பில்தான் வந்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடு. ஜிம்பாப்வேயின் மக்கள்தொகை சுமார் ஒன்றரைக் கோடி. பத்து லட்சத்துக்கு 0.2 என்றால் நாடு முழுவதற்கும் மூன்று பேர். மூன்றே பேர்! தலைநகர் ஹராரேயில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எச்ஐவி பற்றி அங்கே பல வருடமாக ஆய்வு நடக்கிறது. மூன்று பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா? அந்த எண் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களின் எண்ணிக்கை அல்ல, அந்த நாட்டிலிருந்து படிவத்தில் ஏறிய எண்ணிக்கை. நம் பக்கம் மீன்பிடி இறங்குதளத்தில் ஏலத்துக்கு வராமல் போகும் மீன் எந்தக் கணக்கிலும் ஏறாது இல்லையா, அதே கதைதான்.

சிங்கப்பூர் எண்ணையும் அப்படியே விழுங்காதே. கீழக்கரைக்காரர்களும் பெரியபட்டினத்துக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஊர் அது, உனக்கும் தெரியும். ஒரு நகரமே நாடு. அந்த எண் வந்தபோது 55 லட்சம் சொச்சம் மக்கள். 2003-இல் பயோபோலிஸ் என்று ஒரு பெரிய உயிரியல் ஆராய்ச்சி வளாகத்தைக் கட்டி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை அழைத்து உட்காரவைத்தார்கள். பத்து லட்சத்துக்கு 1140 என்றால் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு நாடாக்கினால் நம் எண்ணும் எங்கேயோ போய் நிற்கும். எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர் என்று யாரைச் சொல்வது என்பதற்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. 1963-இல் ரோம் நகருக்குப் பக்கத்தில் ஃபிராஸ்காட்டி என்ற ஊரில், ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் வல்லுநர்கள் கூடி எழுதியது. ஊர்ப் பெயரே புத்தகத்துக்கும் பெயராகிவிட்டது. ஏழாம் பதிப்பு 2015-இல் வந்தது. ஆராய்ச்சியில் இருப்பவர்களை அது மூன்று படியாகப் பிரிக்கிறது. புதிய அறிவை உருவாக்குபவர் ஆராய்ச்சியாளர். அவர் சொன்ன வேலையைக் கைத்திறனோடு செய்பவர் டெக்னீஷியன். எழுத்தர், பியூன் போன்றவர்கள் உதவிப் பணியாளர். நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகள் பெரும்பாலும் முதல் படியை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொன்று, தலையை எண்ணுவதா நேரத்தை எண்ணுவதா என்பது. ஒரு டாக்டர் வாரத்தில் நான்கு நாள் நோயாளி பார்த்துவிட்டு ஒரு நாள் ஆராய்ச்சி செய்தால், தலைக்கணக்கில் ஒரு முழு ஆள். முழுநேரச் சமக்கணக்கில் 0.2 ஆள். (பார், உன் கையும் காலும் இங்கேதான் வருகிறது.) நூறு ஆசிரியர்கள் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியைக் கற்பனை செய்துகொள். ஒவ்வொருவரும் நேரத்தில் இருபதில் ஒரு பங்கை ஆய்வுக்குக் கொடுக்கிறார்கள். தலையை எண்ணினால் 100, நேரத்தை எண்ணினால் 5. கல்லூரி அதே கல்லூரிதான். அந்த இருபதில் ஒரு பங்கை யார் அளந்தது என்று கேட்காதே. நான் படிவம் நிரப்பிய காலத்தில் "போன வருசம் என்ன போட்டீங்களோ அதையே போடுங்க" என்று சொன்ன அதிகாரியும் உண்டு. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் துறை. யார் "சுகாதார" ஆராய்ச்சியாளர்? மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் வேதியியல்காரர் வேதியியலில் விழுவாரா, மருத்துவத்தில் விழுவாரா? ஒரு நாடு ஆளின் படிப்பை வைத்துப் பிரிக்கும், ஒரு நாடு கம்பெனியின் தொழிலை வைத்துப் பிரிக்கும். தென் கொரியாவில் ஆராய்ச்சியாளர்களில் ஐந்தில் நான்கு பேர் தனியார் நிறுவனங்களில் இருக்கிறார்கள். அங்கே கம்பெனிக் கணக்கு ஒழுங்காக வந்தால்தான் நாட்டுக் கணக்கும் சரியாக இருக்கும். கம்பெனிகள் வாயைத் திறக்காத நாடுகளில் அரசு ஆய்வகமும் பல்கலைக்கழகமும் மட்டும்தான் அட்டவணையில் தெரியும்.

நம் மண்டபத்தையே எடுத்துக்கொள். 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1949-இலிருந்து 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. இன்றும் அதன் நிலையம் அங்கே உண்டு. கொஞ்சம் தள்ளி, உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம். இந்த இரண்டு இடத்திலும் இருப்பவர்கள் வேளாண்மை, இயற்கை அறிவியல் என்ற தலைப்புகளுக்குள் போய்விடுவார்கள். சுகாதாரக் கட்டத்தில் ஏற மாட்டார்கள். ஆனால் நீ பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஊற்றுகிறாயே அகர், அது என்ன? கடற்பாசி. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகருக்குத்தான் போகின்றன. ஆய்வகத்துக்குள் அகர் வந்ததே ஒரு வீட்டுப் பெண் சொல்லித்தான். 1880-களின் தொடக்கத்தில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தி, அது வெயிலில் உருகித் தவித்தபோது, அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே, ஜாம் ஜெல்லிக்குத் தான் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். அவர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட இல்லை. உன் ஒவ்வொரு தட்டிலும் அவர் இருக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அட்டவணை பொய் என்று முடிவுகட்டிவிடாதே. எண் ஆடும், இடைவெளி ஆடாது. எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு 260 ஆராய்ச்சியாளர்கள். இது 2020-ஆம் ஆண்டு அரசுக் கணக்கு. 2000-இல் 110 ஆக இருந்தது, வளர்ந்திருக்கிறது. சீனாவில் ஆயிரத்தைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. ஜெர்மனி, ஜப்பான் ஐயாயிரத்துக்கு மேல். தென் கொரியாவும் இஸ்ரேலும் எட்டாயிரத்துக்கும் மேல். எண்ணும் முறையில் எவ்வளவு குளறுபடி இருந்தாலும் 260-க்கும் 8000-க்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அதைக்கொண்டு மூட முடியாது.

ஏன் பின்னால் இருக்கிறோம்? பணம்தான் முதல் காரணம், இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் கொடுப்பது 0.64 சதவீதம். உலகச் சராசரி 1.8-ஐ ஒட்டி. கொரியா 4.5-க்கு மேல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு 2023-இல் ஒதுக்கியது 47 பில்லியன் டாலர் அளவுக்கு, நம் காசில் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. அதே சமயத்தில் நம் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 3,000 கோடி. உயிரித்தொழில்நுட்பத் துறை, மற்ற ஆய்வகங்களின் பணத்தையெல்லாம் சேர்த்தாலும், இங்கே ஒரு ரூபாய்க்கு அங்கேவிட அதிகமாகக் கிடைக்கும் என்று கழித்துப் பார்த்தாலும், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான்.

இரண்டாவது காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் 2005 முதல் 2014 வரை வெளியிட்ட கட்டுரைகளை ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 332 நிறுவனங்கள், அதாவது பாதிக்கும் மேல், பத்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வெறும் 25 நிறுவனங்கள் மொத்தத்தில் 40 சதவீதத்தை எழுதியிருந்தன. ஆக, கட்டடம் இருக்கிறது, பேராசிரியர் நாற்காலி இருக்கிறது, ஆராய்ச்சிக்கு நேரமும் பழக்கமும் இல்லை. நம் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. இந்தக் கடற்கரையின் 13 லட்சம் சொச்சம் மக்களுக்கு அதுவரை அவசரம் என்றால் மதுரைதான். அந்தக் கல்லூரி இனி எந்தப் பட்டியலில் சேரும், கட்டுரை எழுதும் பட்டியலிலா, எழுதாத 332-இலா என்பது உன் வயசுக்காரர்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது, ஆள் வெளியேறுவது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு வாங்கினார். நாம் இனிப்பு கொடுத்தோம். ஆராய்ச்சியாளர் கணக்கில் அவர் பிரிட்டனின் ஆள்.

இதுவரை சொன்னதை யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு ஒன்று. ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் யாருடைய கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. 1990-இல் ஒரு சர்வதேச ஆணையம், உலகின் நோய்ச்சுமையில் பெரும்பங்கு ஏழை நாடுகளில் இருக்க, அந்த நாடுகளின் சிக்கல்களுக்கு ஆராய்ச்சிப் பணத்தில் மிகச் சிறு பங்குதான் போகிறது என்று சுட்டிக்காட்டியது. பத்து சதவீதப் பணம், தொண்ணூறு சதவீத நோய் என்ற பொருளில் பிறகு அதற்கு 10/90 இடைவெளி என்றே பெயர் வந்துவிட்டது. அந்த இடைவெளியைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவுக்குப் போக வேண்டாம். பாம்பன் கரைக்கு வந்தால் போதும்.

கடல் பாம்பு. வலையில் மீனோடு சேர்ந்து ஏறும். அதில் ஒன்று வலக்கடியன். பாம்பு நூல்களில் ஆங்கிலத்திலும் அதற்கு ஒரு பெயராக இந்தத் தமிழ்ச் சொல்லே ஏறியிருக்கிறது. கடித்தால் பெரிதாக வலிக்காது, அதுதான் ஆபத்து. சில மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தசை வலி, வாயைத் திறக்க முடியாது, தசை கரைந்து சிறுநீர் கறுத்துப் போகும், சிறுநீரகம் படுத்துவிடும். நம் ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்பு விஷத்துக்கு அது வேலை செய்யாது. வலக்கடியனின் விஷத்தை வைத்து மருந்து செய்வது ஆஸ்திரேலியா.

இதைக் கொஞ்சம் யோசி. அந்தப் பாம்பு நம் கடலில் இருக்கிறது. கடிபடும் ஆள் இங்கே இருக்கிறார். அதற்குப் பெயர் வைத்ததே நம் மீனவர்கள். மருந்து அங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பத்து லட்சம் பேருக்கு நம்மைவிடப் பல மடங்கு ஆராய்ச்சியாளர்கள் என்று அட்டவணை சொல்லும். சரிதான். ஆனால் இங்கே வலக்கடியனைப் பற்றி முழுநேரமாக யோசிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. பாம்புக்கடியையே உலக சுகாதார நிறுவனம் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017 ஜூனில்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்பது கணிப்பு. இவ்வளவு சாவுக்கு அவ்வளவு தாமதம்.

அந்தத் தரைப்பாம்பு மருந்துக்கே விஷம் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெரும்பங்கு வருகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஃபிராஸ்காட்டி புத்தகத்தில் அவர்களுக்குப் படி இல்லை.

இது புதுசும் இல்லை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் இருப்பதை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸுக்கு 1902-இல் நோபல் கிடைத்தது. கொசு கடிக்கத் தன் உடம்பைக் கொடுத்த நோயாளி ஹுசேன் கானுக்கு ஒரு கொசுவுக்கு ஓர் அணா.

மலேரியா என்றதும் இன்னொன்று. எனக்குப் பிடித்த உதாரணம், எங்கள் தொழில் சம்பந்தப்பட்டதும்கூட. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். இலங்கையில் பத்து லட்சம் பேருக்கு ஆராய்ச்சியாளர்கள் சுமார் 100 பேர்தான், நம்மில் பாதிகூட இல்லை. அட்டவணையை மட்டும் பார்த்தால் நம்மைவிடக் கீழே. ஆனால் 2012 அக்டோபருக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு வருடம் அங்கே உள்ளூரில் பரவிய மலேரியா ஒன்றுகூட இல்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இத்தனைக்கும் 1963-இல் நாடு முழுக்க 17 நோயாளிதான் என்ற நிலைக்கு வந்து, மெத்தனமாக இருந்து, சில வருடத்தில் லட்சக்கணக்கில் திரும்ப அடிவாங்கிய நாடு அது. அந்த அடி அவர்களுக்கு மறக்கவில்லை. இந்தப் பக்கம் ராமேசுவரம் தீவில் மலேரியா என்பது எங்களுக்கு வெகுகாலத் தலைவலி.

சான்றிதழ் வாங்கிய அதே 2016-இன் கடைசியில், மன்னாரில் வழக்கமான கண்காணிப்பின்போது, அதுவரை இலங்கையில் இல்லாத ஒரு கொசுவைப் பிடித்தார்கள். அனாபிலஸ் ஸ்டீபன்சி. நம் ஊர் நகரக் கொசு. கிணறு, சிமெண்டுத் தொட்டி, மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்க், இதெல்லாம் அதற்கு வீடு. மலேரியா ஒழிந்துவிட்டதே என்று அவர்கள் கொசு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கொசு வந்திறங்கியது யாருக்கும் தெரிந்திருக்காது. குவளையை நீட்டித் தண்ணீரை மொண்டு, கொசுப்புழு கிடைமட்டமாக மிதக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று பார்ப்பவர், அதாவது அனாபிலஸா மற்றதா என்று அங்கேயே சொல்பவர், ஒரு டெக்னீஷியன். எந்த சர்வதேச ஒப்பீட்டிலும் முதல் படியில் வராதவர். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஆள் குறைவாக இருந்தும் கேள்வி சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் உருவம் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், ஓய்வு வேண்டும். ஏழை என்ன செய்வான்? வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்பதுதான் அவர்களின் கேள்வி. பாதிப் பேரைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, பாதிப் பேரை நெரிசலான வீட்டிலேயே விட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். வீடு வீடாகப் போய், மாத்திரையை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பார்வையாளர்கள் இல்லாமல் அந்த ஆய்வே நடந்திருக்காது. பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் எத்தனை மடங்கு இருந்தாலும், இடநெருக்கடியான சென்னை வீட்டுக்குள் நுழையாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. அதனால்தான் அவர்களே இங்கே வந்து நம்மோடு சேர்ந்து செய்தார்கள்.

ஆக, ஒப்பிடுவது சரியா என்று கேட்டாயே, ஒப்பிடலாம். ஆனால் ஒரு நாட்டின் இன்றைய எண்ணை அதே நாட்டின் பத்து வருடத்துக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் நான் நம்பும் ஒப்பீடு. படிவம் நிரப்பும் பழக்கவழக்கம் ஒரே மாதிரி இருக்கும், அதனால் ஏற்ற இறக்கம் தெரியும். இந்தியாவின் 110 இருபது வருடத்தில் 260 ஆனது உண்மையான செய்தி. சிங்கப்பூருக்குக் கீழே எத்தனையாவது இடம் என்பது பேப்பரில் கட்டம் கட்டிப் போட உதவும்.

கடைசிக் கேள்வி, சோறு.

உள்ளதைச் சொல்கிறேன். நான் முதல் 11 வருடம் ஒவ்வொரு மார்ச் மாதமும் வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் இருந்தேன். திட்டப் பணியாளர் என்று பெயர். திட்டம் முடிந்தால் நாமும் முடிந்தோம். ஒருமுறை நான்கு மாதம் சம்பளம் வராமல், உன் அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் ஓட்டினேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அந்த வருட அறிக்கையில் "ஆராய்ச்சியாளர்கள்: 2" என்று எழுதி அனுப்பியது நான்தான். களத்தில் இருந்தது ஒன்பது பேர்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) தரும் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேர்வில் தேறினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. இரண்டு வருடம் கழித்து 42,000. பணம் நேரத்துக்கு வருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சேருவதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மாணவர்களிடம் இதைக் கேட்டுவிடு. வழிகாட்டியின் பெருமையைக் கேட்பதைவிட இது முக்கியம். தேர்வில் தேறாவிட்டாலும் திட்ட உதவியாளர், கள ஆய்வாளர் வேலைகள் உண்டு. ஆனால் அதிலேயே தங்கிவிடாதே, நான் தங்கினேன். பொதுச் சுகாதாரத் துறையில் பூச்சியியல் பக்கம் நிரந்தர வேலையும் உண்டு. அதற்கு விலங்கியல் படித்தவர்களைத்தான் பொதுவாகக் கேட்பார்கள், அறிவிப்பு வரும்போது உன் பட்டம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். உலக அளவில் ஆராய்ச்சியாளர்களில் மூன்றில் ஒருவர் பெண். இந்தியாவில் ஐந்தில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. உன் வகுப்பில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார், பாதிக்கு மேல் இருப்பீர்கள். அப்படியானால் நடுவில் எங்கே காணாமல் போகிறார்கள்? மாப்பிள்ளை பார்க்கிறோம், மதுரை தூரம், ராத்திரி ஆய்வகத்தில் என்ன வேலை என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும் இடத்தில்தான். உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், தாயி. அவர் எனக்குக் கடன்பட்டவர், நான் அவருக்குக் கடன்பட்டவன். பேச்சு எடுபடும்.

என்ன தலைப்பு எடுக்கலாம் என்று அடுத்து கேட்பாய், தெரியும். சிங்கப்பூரில் ஆறாயிரம் பேர் செய்வதையே ஆறாயிரத்து ஒன்றாவது ஆளாகச் செய்யாதே. பாசிப் பெண்களின் விரல் புண்ணில் என்ன கிருமி வளர்கிறது என்று நீ படித்த நுண்ணுயிரியலை வைத்தே பார்க்கலாம். சொறி (ஜெல்லிமீன்) பட்டு வீங்கிய தோலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வலக்கடியன் விஷம் உன் படிப்புக்கு நேராக வராது, ஆனால் ராமநாதபுரம் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியர் யாராவது ஆர்வம் காட்டினால் இருவருமாகச் சேர்ந்து தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாம்பனுக்கு வா. ஏலம் முடிவதற்குள் வந்துவிடு, ஆறு மணிக்கு நான் டீக்கடையில் இருப்பேன். வலையில் ஏறும் பாம்பைப் பார்த்த மாத்திரத்தில் வகை சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கூட்டிப் போகிறேன். நோட்டு கொண்டு வா. செருப்பு வேண்டாம், சேறு.